பெரணிக்குப் பேன் பார்த்த கதை

அன்புள்ள கண்ணு,

இங்கே எல்லோரும் சௌக்கியம், உன் அப்பாவின் முகம் மட்டும் இன்னும் சௌக்கியமாகவில்லை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். அன்றைக்கு நீ போனில் கத்தியதிலிருந்து என்னோடு மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய், அவரும் உம்மென்று இருக்கிறார், கடையில் ரிப்பேருக்கு வந்த கடிகாரங்கள் ஆளுக்கொரு மணி காட்டிக்கொண்டு கிடக்கின்றன. என்னவென்று கேட்டால், "படிச்ச பொண்ணு, அப்பனைத் திட்டாம வேற யாரைத் திட்டும்" என்கிறார்.

தப்பு அவருடையதுதான். காட்டு ஓடையோரம் மிஞ்சியிருக்கும், நீ ஆராய்ச்சி செய்யும் பெரணிச் செடிகளைப் போய்ப் பார்த்து போட்டோ எடுத்து அனுப்புங்கள், கை மட்டும் வைக்காதீர்கள் என்றுதான் நீ சொல்லிப் போனாய். இவருக்குக் கை சும்மா இருக்குமா? கடிகார லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு இலைக்கு அடியில் குனிந்தார். வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள். "ஐயோ, புள்ள நம்மள நம்பி விட்டுட்டுப் போச்சு, பூச்சி முட்டை வெச்சிருக்கு பாருடி" என்று பதறி, சட்டைப்பையில் இருந்த குட்டி பிரஷ்ஷால் பேன் பார்ப்பதுபோல் ஒன்று விடாமல் துலக்கிவிட்டார். அதைப் போட்டோ எடுத்து உனக்கே அனுப்பிவிட்டு, சபாஷ் வாங்கக் காத்திருந்தார் பார், அதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. அது முட்டையில்லை, பல வருஷம் கழித்து அந்த ஒரு செடி மட்டும் பிடித்த விதைத்தூள் என்று நீ சொன்னபோது அவர் முகம் போன போக்கை நீ பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பு அப்போது வரவில்லை.

மறுநாளே வனக்காவலரிடம் போய், "தெரியாம பண்ணிட்டேன், என்ன தண்டனைன்னாலும் குடுங்க" என்று நின்றார். அவரோ, "பிரஷ்ஷை எங்க சார் உதறுனீங்க?" என்று கேட்டார். செடிக்குக் கீழே ஈரப்பாறையில்தான். அவருடைய அதிகாரியம்மா வந்து பார்த்து, இடம் நல்ல இடம், முளைத்தாலும் முளைக்கும், யாரும் மிதிக்காமல் இருக்க வேண்டும் என்றார். அவ்வளவுதான், இவர் அந்தப் பாறைக்குக் காவல்காரர் ஆகிவிட்டார். நான் தும்மினால்கூடத் தள்ளி நின்று தும்மச் சொல்கிறார்.

போன வாரத்திலிருந்து பாறையில் நகக்கண் அளவில் பச்சைப் பச்சையாக என்னவோ தெரிகிறது. ஒவ்வொன்றும் குட்டி இதயப் படம் போட்ட மாதிரி இருக்கிறது. உன்னுடைய பெரணிதானா, வேறு ஏதாவதா என்று அதிலிருந்து இலை எழும்பினால்தான் தெரியும் என்கிறார் அதிகாரியம்மா. அப்பா போட்டோ எடுத்து வைத்திருக்கிறார், உனக்கு அனுப்பத்தான் மாட்டேன் என்கிறார். "அவளா கேக்கட்டும்" என்று வீம்பு. உன் வீம்பு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா?

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நீ தொட்டது துளிர்க்கும், நீ நன்றாக இருப்பாய். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அப்பாவுக்குப் போன் போடு. முதலில் பாறையைப் பற்றிக் கேட்காதே, சாப்பிட்டாயா அப்பா என்று கேள்.

இப்படிக்கு,
இரண்டு வீம்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட
உன் அம்மா