கயிறு இனி என் பக்கம்

கெலுகோர்,
7 செப்டம்பர் 2025

பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய என்னவருக்கு,

மோகனா எழுதுவது. வாட்ஸ்அப்பில் நலம் விசாரித்தால் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு ஓடிவிடுகிறீர்கள். ஆகவே தபால்தலை ஒட்டிக் கேட்கிறேன்: நலமா? பிந்துலுவில் மழையா? உப்பைக் குறைத்தீர்களா?

இங்கே விசேஷம் ஒன்றுதான். நம் படகின் பாய்மரக் கம்பிகளில் இறுக்கம் மாறாதிருக்க நீங்கள் சுற்றி வைத்திருந்த கறுப்பு டேப்பைப் பிரித்துவிட்டேன். உட்கார்ந்துகொண்டு மேலே படியுங்கள்.

நீங்கள் பிந்துலுவுக்கு மாற்றலாகிப் போனபின் படகு கொட்டகையில் தூங்கியது. போன மாதம் என்னோடு பல் கிளினிக்கில் வேலை செய்யும் ஷஹீதாவை முன்னால் உட்காரவைத்து, சுக்கானை நான் பிடித்து, கிளப் பந்தயத்தில் இறங்கினேன். பன்னிரண்டு படகில் பன்னிரண்டாவது. கிளப் பூனைகூட எங்களைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. காற்று கூடியபோது மற்றவர்கள் உள்ளே ஒரு கயிற்றை இழுத்தார்கள். பாய்மரம் நிமிர்ந்து, முன்கம்பி விறைத்து, படகு காற்றை எதிர்த்து ஏறியது. திரும்பி வரும்போது அதே கயிற்றைத் தளர்த்தினார்கள். பாய்மரம் முன்னால் சாய்ந்து பறந்தது. நம் கம்பிகள் மட்டும் நீங்கள் கரையில் கட்டிய கட்டிலேயே, கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி அசையாமல் நின்றன.

எனவே கிளப்பில் படகு பழுதுபார்க்கும் பஷீரைக் கூப்பிட்டேன். “சேகர் அண்ணன் என்னைக் கொன்னுடுவாருலா க்கா!” என்றார். “முதல்ல என்னைக் கொல்லணும். உங்க டர்ன் வர நேரமாகும், ஸ்க்ரூ டிரைவரை எடுங்க” என்றேன். முன்பாயை ஏற்றும் கம்பியின் அடியில் நான்கு கப்பிகள். அதிலிருந்து ஒரு கயிறு, சுக்கான் பிடிப்பவரின் கைக்கு எட்டும் இடத்தில். இழுத்தால் எல்லாக் கம்பியும் சேர்ந்து இறுகும், விட்டால் தளரும். பக்கத்தில் ஒன்று முதல் பத்துவரை கோடு போட்டிருக்கிறேன், என் சிவப்பு நகப்பூச்சால். ஐம்பத்தோரு வயதில் அதற்கு வேறு உபயோகம் இல்லை.

திட்டுவதானால் தாளின் இரண்டு பக்கமும் எழுதவும்.

உங்கள்,
மோகனா

—

பிந்துலு,
16 செப்டம்பர் 2025

அன்புள்ள மோகனா,

நலம். மழை. உப்பு குறைவு.

கம்பியை இறுக்குவது கரையில் ஒருமுறை, கடலில் ஒருபோதும் இல்லை. பத்தொன்பது வருடமாக நான் சொல்லி வருவது இதுதான். அளவுமானியை வைத்து மூன்று நாள் பார்த்து அமைத்த இறுக்கம் அது. படகின் உடம்பு பழசு. அதிகம் இழுத்தால் பாய்மரத்தின் அடியில் விரிசல் விடும். குறைவாக விட்டால் பாய்மரம் கீழே வரும், உன் தலைமேல். பந்தய நேரத்தில் சுக்கான், பாய், காற்று, அலை எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டு இதையும் எண்ணிப் பார்க்க உன்னால் முடியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. உன் சுபாவம் அப்படி.

பஷீரிடம் சொல்லிப் பழையபடி மாற்றிவை. நவம்பர் ஒன்பதாம் தேதி வருடாந்திரப் பந்தயத்துக்கு நான் வந்து ஓட்டுகிறேன். நீ வழக்கம்போல் முன்னால்.

அன்புடன்,
சந்திரசேகரன்

—

கெலுகோர்,
5 அக்டோபர் 2025

சுபாவம் அறிந்த என்னவருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை கோபம், இரண்டாம் முறை சிரிப்பு, மூன்றாம் முறை மீன் பொரிந்துகொண்டிருந்தது, கருகிவிட்டது.

நீங்கள் யார் வாயிலாகவாவது கேள்விப்படும் முன் நானே சொல்லிவிடுகிறேன். கிளப் ராம்நாத் வீட்டு அம்மாவுக்குத் தெரிந்தால் சேதி சுங்கை பாக்காப் ஊர்வரைக்கும் போய்விடும். ஆயுத பூஜை அன்று படகுக்கும் பூஜை போட்டேன். சுக்கானுக்குச் சந்தனம், கப்பிக்குச் சந்தனம். கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் பல் வைத்த சக்கரம் இரண்டு இருக்கிறதே, அதுதான் முக்கியமான ஆயுதம் என்று அதற்கு மட்டும் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தேன். பல்லிடுக்கெல்லாம் நிறைந்து அப்படியே காய்ந்துவிட்டது.

நேற்று கடலுக்குப் போனோம். காற்று வந்தது. எட்டாம் கோடுவரை இழுத்தேன். பெருமையாக ஷஹீதாவைப் பார்த்தேன். சந்தனம் அடைத்த சக்கரத்துக்குக் கவ்வப் பல் இல்லை. கயிறு சர்ரென்று ஓடிவிட்டது.

“அக்கா, பாய்மரம் ஆடுதுலா!”

“ஆடட்டும், பிடிச்சுக்க!”

“எதை?”

நியாயமான கேள்வி. பாய்மரம் தண்ணி போட்டவர்போல் இங்கும் அங்கும் சாய, ஜெரெஜாக் தீவுப் பக்கம் இழுத்துப் போனது நீரோட்டம். நுனியில் முடிச்சு போட்டிருந்ததால் கயிறு கப்பியில் மாட்டி நின்றது, பாய்மரம் விழவில்லை. பக்கத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த பெரியவர் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு எங்களை வேடிக்கை பார்த்தார். நான் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காலால் சுக்கான் பிடித்தேன். அப்படித்தான் கரைசேர்ந்தோம். சாமி நான் கேட்டதைக் கொடுக்காவிட்டாலும் கேட்காத உடற்பயிற்சியைக் கொடுத்தது.

கரையில் என் தொழில் புத்தி வந்தது. பழைய டூத்பிரஷ், வெந்நீர். ஒவ்வொரு பல்லாகச் சுத்தம் செய்தேன். இருபத்தெட்டு வருடம் ஊரார் வாயைக் கழுவியது வீண்போகவில்லை.

இன்று காலை மறுபடி இறங்கினோம். எதிர்க்காற்றில் ஏழு. பஷீர் உங்கள் அளவுமானியை வைத்துப் பார்த்து, பழைய படகுக்கு எட்டே எல்லை என்று அடையாளம் போட்டுத் தந்திருக்கிறார். திரும்பும்போது மூன்று. ராம்நாத் படகைத் தாண்டினேன். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார், “சேகர் வந்துட்டாரா?”

அந்தக் கேள்விதான் இன்னும் காதில் நிற்கிறது.

பழையபடி மாற்ற மாட்டேன். ஒன்பதாம் தேதி சுக்கானையும் கொடுக்க மாட்டேன்.

மோகனா

—

பிந்துலு,
17 அக்டோபர் 2025

மோகனா,

சந்தனம் பற்றிப் படித்தேன். நான் சொன்னது நடந்தது. வேறு சொல்ல ஒன்றும் இல்லை.

கயிறு வேண்டுமானால் இருக்கட்டும், விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் ஓட்டுவது நான். இல்லையென்றால் நான் வரவில்லை. டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை.

சந்திரசேகரன்

—

கெலுகோர்,
26 அக்டோபர் 2025

அன்புள்ள உங்களுக்கு,

இந்தக் கடிதத்தில் வேடிக்கை குறைவாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கயிற்றை விட்டுக்கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது உங்களிடம் இருந்தால்தானே கொடுப்பதற்கு?

நான் சந்தனம் பூசியது தப்பு. என் தப்பு, நானே எழுதினேன். இரண்டாயிரத்துப் பதினாறில் நீங்கள் படகைப் பாறைமேல் ஏற்றியதற்குக் கிளப்பில் யார் தப்பென்று சொன்னீர்கள்? “மோகனா சரியா பாக்கல” என்றீர்கள். நான் பார்த்தேன். மூன்று முறை கத்தினேன். அங்கே இருந்த பொன்னம்மை அக்கா என்னைப் பார்த்துப் பாவம் என்று தலையாட்டினார். நான் சிரித்தேன். பத்தொன்பது வருடம் முன்னால் உட்கார்ந்து, நீங்கள் “இழு” என்றால் இழுத்து, “விடு” என்றால் விட்டு, “குனி” என்பதற்குள் பாய்க்கட்டையால் தலையில் அடிவாங்கி, கரைக்கு வந்து எல்லாருக்கும் அதைக் கதையாகச் சொல்லி நானே சிரிக்க வைத்தேன். வலிக்கவில்லை என்று நினைத்துவிட்டீர்கள்போல.

காற்றைப் பார்த்து எவ்வளவு இறுக்கலாம், எங்கே விடலாம் என்று என் கை இப்போது தானாகவே அறிகிறது. ஏழு என்றால் ஏன் ஏழு என்று எனக்குத் தெரியும். இனி முன்னால் போய் உட்கார்ந்தால் தெரியாதவள்போல் நடிக்கத்தான் வேண்டும். நடிக்க மாட்டேன்.

பெயர்ப் படிவத்தை நிரப்பிவிட்டேன். சுக்கான்: மோகனா. முன் இருக்கை: காலி. ஷஹீதாவிடம் சொன்னேன், “அண்ணனுக்கு மொத சான்ஸ் குடுங்க க்கா, பாவம்” என்றாள். நவம்பர் ஏழு, வெள்ளி மாலை ஐந்து மணிக்குப் படிவம் வாங்குவதை நிறுத்துகிறார்கள். அதுவரை அந்த இடம் உங்களுக்கு. நீங்கள் வந்து உட்கார்ந்தால் நான் கத்த மாட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிடுவேன், என்ன செய்யப்போகிறேன் என்று முன்கூட்டியே சொல்வேன். அது எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் தெரியவேண்டும்.

வரவில்லை என்றால் அதுவும் உங்கள் இஷ்டம். அதை வைத்து என்னைப் பயமுறுத்த முடியாது.

மோகனா

—

கெலுகோர்,
7 நவம்பர் 2025

அன்புள்ள சேகர்,

பெயர் சொல்லி எழுதியதற்கு மாமியார் இருந்திருந்தால் மயங்கியிருப்பார்.

ஐந்து மணிவரை கிளப் வாசலில் நின்றேன். கெரெத்தா இன்ஜின் சத்தம் கேட்டபோதெல்லாம் திரும்பிப் பார்த்தேன், மறைக்கவில்லை. ஐந்தடித்ததும் ஷஹீதாவின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். அவள் என் தோளில் கைபோட்டாள். பிறகு இருவரும் படகைக் கழுவினோம்.

ஐந்தே காலுக்கு உங்கள் போன் வந்தது. கை முழுக்கச் சோப்பு, எடுக்கவில்லை. சோப்பு இல்லாவிட்டாலும் எடுத்திருப்பேனா தெரியவில்லை. வந்திறங்கிவிட்டேன் என்று சொல்லக் கூப்பிட்டீர்களா, வரவே இல்லை என்று சொல்லவா, அதுவும் தெரியவில்லை.

எதுவானாலும், ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நான் கடலில் இருப்பேன்.

மோகனா