சாய்ந்த மரத்தை வெட்டாமல் லொறி போகாது

செவ்வாய்க்கிழமை, இரவு

வீட்டுக்குப் பின்னால் நின்ற மூன்று டர்பன்டைன் மரங்களையும் வெட்ட இன்று தோட்டத்து மரக் குத்தகைக்காரர் ஆட்களோடு வந்தார். நேராக வளர்ந்த இரண்டையும் மதியத்துக்குள் வெட்டி லொறியில் ஏற்றிவிட்டார்கள். போன மாத மழையில் வேர் கிளம்பி, எங்கள் பின் அறைக் கூரை மேல் சாய்ந்து நிற்கும் மரத்தை மட்டும் தொடவில்லை.

“அது உள்ளுக்கு உக்கிப் போச்சு தங்கச்சி. பலகைக்கு ஆகாது. இன்னொரு நாளைக்குப் பாப்போம்” என்றார்.

“பலகைக்கு ஆகாதுன்னா எங்க தலையில விழணுங்களா?”

அவர் லொறியில் ஏறினார். நான் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து லொறிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தேன்.

என் வீட்டுக்காரருக்கு முகம் கறுத்துவிட்டது. “எந்திரிச்சு வா ஸ்டெல்லா. லயத்து வீட்டு ஆளுங்க எல்லாம் பாக்குறாங்க.”

“பாக்கட்டும். நம்ம புள்ளைங்களோட நாமளும் அந்த அறையிலதான் படுக்குறோம்.”

மழை பிடித்தது. நான் எழவில்லை. நத்தார்ப் பண்டிகையிலிருந்து என்னோடு பேசாத நாத்தனார் மேரி பக்கத்து வீட்டிலிருந்து குடையோடு வந்தாள். தன் முக்காலியை என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அதன் பிறகுதான் குத்தகைக்காரர் ஆட்களை இறங்கச் சொன்னார்.

கயிறு கட்டி எதிர்ப்பக்கம் இழுத்து வெட்டினார்கள். மரம் என் லீக்ஸ் காய்கறிப் பாத்தி முழுவதையும் நசுக்கிக்கொண்டு விழுந்தது.

“இப்ப திருப்தியா?” என்று குத்தகைக்காரர் கேட்டார்.

“திருப்திங்க” என்றேன்.

மானம் போய்விட்டதாம். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. கோபித்துக்கொள்ளட்டும். கோபித்துக்கொள்ள அவர் உயிரோடு இருக்கிறார்.