எந்திரம் ஊகித்த கிழமை

பம்பாய்,
5-7-1964

அன்புள்ள வாப்பாவுக்கு ஒலி முகம்மது சலாமுடன் எழுதுவது.

எங்கள் ஆராய்ச்சிக்கூடத்துக் கம்ப்யூட்டருக்கு உங்கள் பழைய கடிதங்களை அட்டையில் துளையிட்டுக் கொடுத்தேன். ஒரு சொல்லைக் காட்டினால் அடுத்த சொல்லை அதுவே ஊகிக்கிறது! ஊகிக்க முடியாத சொல்லில்தான் செய்தி இருக்கிறது. அப்படி ஊகிக்க முடியாமல் இருக்கும் அளவுக்கு என்ட்ரோபி என்று பெயர். உங்கள் கடிதத்தில் அது ரொம்பக் குறைச்சல். சலாம், துஆ, ஒரே நாளைக் கிழமை, தேதி, பிறை என்று மூன்று தடவை... இனிமேல் புதுச் செய்தியை மட்டும் ஒரு தடவை எழுதினால் போதும் வாப்பா.

உங்கள் மகன்,
ஒலி முகம்மது

குற்றாலம்,
22-7-1964

ஒலிக்கு,

சலாம் இல்லை, துஆ இல்லை. அதையெல்லாம் உன் எந்திரமே ஓதிக்கொள்ளட்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் பிள்ளைக்கு இவ்வளவு அறிவு வந்ததே பெரிது.

உன் தங்கை ஆசியாவுக்கு ஆகஸ்டு மூன்றாவது புதன்கிழமை நிக்காஹ். மாப்பிள்ளை சுரண்டை முகம்மது கனி. அவரை வாசலில் கைபிடித்துப் பந்தலுக்கு அழைத்து வர மைத்துனன் வேண்டும். வா.

சேக் தாவூது

தென்காசி,
24-8-1964

மகன் ஒலி முகம்மதுக்கு வாப்பா எழுதுவது.

வெள்ளிக்கிழமை காலையில் நீ புதுச் சட்டையும் பெட்டியுமாக வந்து நின்றபோது பந்தல்காரர் கம்பு பிடுங்கிக்கொண்டிருந்தார். நாலு பேர் முன்னால் வாயைத் திறக்க வேண்டாமென்று இருந்தேன். நீ சாயங்கால ரயிலிலேயே ஏறிவிட்டாய். இப்போது கேட்கிறேன்.

குற்றாலத்துக்குப் போன இடத்தில் நான் போட்ட கடிதம் சாரலில் நனைந்து 'புதன்' அழிந்துவிட்டதாம். சரி, தபாலுக்கு நான் குடையா பிடிக்க முடியும்? ஆனால் அழிந்த இடத்தை எந்திரத்திடம் கேட்டாயாமே! வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போனேன், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போனேன் என்று எழுதியே பழகியவன் நான். என் கடிதத்தில் கிழமை என்றால் வெள்ளிதான். அது வெள்ளி என்றது, நீயும் தலையாட்டினாய். ஏலே, 'தெரியலை' என்று சொல்ல அதற்கு வாய் கிடையாது. உனக்கு இருக்கிறதல்லவா? "எந்தக் கிழமை வாப்பா?" என்று ஒரு தந்தி அடித்தால் கை ஒடிந்தா போகும்? வழக்கம்போலக் கிழமை, தேதி, பிறை மூன்றையும் எழுதியிருந்தால் ஒன்றாவது மழைக்குத் தப்பியிருக்கும். படித்தவன் சொன்னானே என்று கேட்டேன் பார், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மாப்பிள்ளை வாசலில் வந்து நின்றார். "மச்சான் எங்க அண்ணாச்சி?" என்று கேட்டார்கள். "வருதான், ரயில் லேட்டு" என்று புளுகினேன். எவ்வளவு நேரம்தான் புளுக? கடைசியில் மாமனாரே மைத்துனனாகிக் கையைப் பிடித்தேன். வேட்டி தடுக்கி விழப் போனவனை மாப்பிள்ளைதான் தாங்கிப் பந்தலுக்குக் கூட்டிப் போனார். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளே இருந்த ஆசியா சிரிக்கவில்லை.

நேற்று சுரண்டைக்குப் போயிருந்தேன். "அண்ணனுக்கு ரெண்டு வரி எழுதும்மா, பாவம், வருத்தப்படுதான்" என்றேன்.

"நான் என்ன எழுதுவேன்னு அந்த மிஷினுக்குத் தெரியும்லா வாப்பா? அதுகிட்டயே கேட்டுக்கிடச் சொல்லுங்க."

சொன்னவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நடுவில் நின்று தூது போக இனி என்னால் ஆகாது. நீயே வந்து அவள் வாசலில் நின்று பேசு. என்ன சொல்லுவாள் என்று பெற்ற எனக்கே தெரியாது.

கோபம் ஆறாத,
வாப்பா