வண்டியின் மூக்கை நிமிர்த்திய கதை

ஏழு கடலையும் சட்டி கழுவிய தண்ணீரால் நிரப்பிக்கொண்டிருக்கும் கப்பல் சமையல் சக்கரவர்த்தியும் என் ஒரே மருமகனுமாகிய உனக்கு, உன் தாய்மாமன் எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உயிர் இருக்கிறது. அதற்கு மேல் நலம் கேட்காதே, வரிசையாகச் சொல்கிறேன்.

உன் கடிதம் வந்தது. அடுத்த துறைமுகத்தில் இறங்கி, நேராக இங்கே வந்து, உன் அத்தானின் கழுத்தை வெட்டப்போவதாக எழுதியிருக்கிறாய். அந்த வரியில் உன் பேனா காகிதத்தையே கிழித்திருக்கிறது. அக்காள் முகத்தில் அவன் கை விழுந்ததை உனக்கு யார் சொன்னார்களோ, பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். மீதியை நான் சொல்கிறேன். உட்கார்ந்து படி. கையில் கத்தி இருந்தால் கீழே வை.

குவாரிப் பாதையில் பாறை இடிக்கிறது என்று நம் பட்டறை லாரியைத் தூக்கிக் கட்டினான் உன் அத்தான். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதானே, உயரமும் வந்துவிட்டால் இமயமலைக்கு ஏணியே வேண்டாம் என்றான். கட்டி முடித்தபோது வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். மேகம் காதில் உரசிற்று. ஆனால் ஓட்டினால் ஒரு நடுக்கம். என் பல்செட் கழன்று மடியில் விழுந்து அங்கேயும் தந்தியடித்தது.

முட்டை உடைப்பதைத் தவிர வேறு தொழில் அறியாத உனக்குக் காரணத்தைச் சொல்கிறேன். முன் ஆக்ஸிலை ஓர் ஆள் என்று வைத்துக்கொள். பினியன் அவன் மூக்கு. மேலே இருக்கிற கியர்ப்பெட்டியிலிருந்து ஒரு ஷாஃப்ட் இறங்கி வந்து அந்த மூக்கில் சேரும். வண்டியை உயர்த்தினால் பெட்டி மேலே போய்விடும், மூக்கு பழையபடி நேராகவே பார்க்கும். சேருமிடம் கோணலாகி நிற்கும், ஷாஃப்ட் உதறும். அதற்கு மூக்கை அண்ணாந்து பார்க்க வைக்க வேண்டும். உன் அத்தான் என்ன செய்தான் தெரியுமா? தலையை மட்டும் தூக்காமல் ஆளையே மல்லாக்கச் சாய்த்தான். மூக்கு மேலே பார்த்தது, நடுக்கம் நின்றது. ஆனால் காலும் சேர்ந்து திரும்பிப்போயிற்று. சக்கரங்களைத் தாங்குகிற கவைகள்தான் கால். அவை சாய்வு மாறினால் ஸ்டீரிங் தானாக நேருக்கு வராது. வண்டி குடிகாரனைப்போல் போகும்.

குவாரிக்கு வண்டி ஓட்டுகிற உன் அக்காள் முதல் நாளே சொன்னாள். "ஏங்க, ஸ்டீரிங் திரும்ப வரமாட்டேங்குது. கவையை அறுத்துத் திருப்பணும்" என்றாள். "நீ ஓட்டத் தெரியாம ஓட்டிட்டு வண்டியைக் குறை சொல்லாத" என்றான். கல் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது வண்டி அவள் சொல் கேட்காமல் பாறையில் போய் மோதியது. கண்ணாடி முழுதும் அவள் மடியில். நெற்றி கிழிந்து, ரத்தம் வழிய, நடந்தே பட்டறைக்கு வந்தாள். வந்தவளை, வண்டியை உடைத்துவிட்டாய் என்று, கூலி ஆட்கள் எல்லாரும் பார்க்க, வலது கையை ஓங்கி அறைந்தான். இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் மேல் போய் விழுந்தாள். ஒரு கண் மூடிக்கொண்டது.

நான் ஸ்பேனரை எடுத்தேன். உன் மாமன் ஸ்பேனரை எடுத்தால் ஊரே எல்லை தாண்டி ஓடும் என்பது உனக்குத் தெரியும். அன்று அவள் என்னைப் பார்த்த பார்வையில் அது என் கையிலேயே கனத்துப்போயிற்று. கீழே வைத்துவிட்டேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அவள் சொன்னது இவ்வளவுதான்: "மாமா, ஆக்ஸிலைக் கழட்டுங்க. இன்னைக்கே திருப்பிடலாம்."

வண்டியைப் பாறையிலிருந்து இழுத்து வந்து ஆக்ஸிலை இறக்கிப் போட்டோம். உன் அத்தானே கிரைண்டரைப் பிடித்துக் கவையின் வெல்டை அறுத்தான். தீப்பொறி பறந்ததில் சூரியன் வெட்கப்பட்டு மேகத்துக்குள் போனது. வெல்டு போனாலும் கவை லேசில் நகராது. ஆக்ஸில் குழாயை இறுக்கிப் பிடித்திருக்கும். ஒருவர் அதன் காதுபோல் நீண்ட முனையில் இரும்புக் கட்டையை வைத்துப் பிடிக்க, இன்னொருவர் சம்மட்டியால் போட வேண்டும். மூன்றாவது ஆள் கோணமானியைப் பார்த்து, வேண்டிய சாய்வு வந்ததும் நிறுத்தச் சொல்ல வேண்டும். நான் தரையில் படுத்துக் கோணம் பார்த்தேன். சம்மட்டியை அவள் எடுத்தாள். "கட்டையை நீங்க பிடிங்க" என்றாள் புருஷனிடம்.

அவன் பிடித்தான். ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்களே, பிடிக்காமல் என்ன செய்வான்?

மருமகனே, அப்படி ஓர் அடியை நான் கேட்டதில்லை. முதல் அடியில் கூரைத் தகரம் துள்ளியது. அடுத்ததில் என் பூட்டனார் சமாதியில் எழுந்து உட்கார்ந்திருப்பார். ஒவ்வோர் அடியும் அவன் விரலுக்கு ஒரு நூல் இந்தப் பக்கம் சரியாகக் கட்டையின் நெற்றியில் இறங்கிற்று. அவனுக்கு வியர்த்தது. "மெதுவா... மெதுவா போடுடி" என்றான். அவள் அடுத்த அடியைப் போட்டாள். கவை முனகிக்கொண்டு நகர்ந்தது. முள் வந்து நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. "போதும்! நின்னுடுச்சு!" என்று கத்தினேன். என் குரல் எப்பேர்ப்பட்டதென்று உனக்குத் தெரியும். ஓடுகிற ரயிலை டிரைவர் நிறுத்தி என்னவென்று கேட்பான்.

அவன் பெருமூச்சு விட்டுக் கட்டையில் பிடியைத் தளர்த்தினான்.

அதற்குப் பிறகு இன்னும் ஓர் அடி விழுந்தது.

அது கட்டையில் விழவில்லை. வலது கை. எலும்பு நொறுங்கிய சத்தத்தைப் பெரிதாக்கிச் சொல்ல இந்த மாமனிடமே வார்த்தை இல்லை. அவன் தரையில் புரண்டு அலறினான். அவள் சம்மட்டியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "நீங்க சொன்னது காதுல விழல மாமா" என்றாள். மூடாத கண்ணால் என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

எலும்பு டாக்டர் கேட்டதற்கு வேலையில் அடிபட்டது என்றேன். கூலி ஆட்களும் அதையே சொன்னார்கள். அவனும் மறுக்கவில்லை. அந்தக் கை இனி வெல்டிங் பிடிக்காது என்றார் டாக்டர். வண்டியை மறுநாள் அவளே வெல்டு வைத்து முடித்தாள். ஸ்டீரிங் இப்போது கை எடுத்தாலும் நேராகப் போகிறது. பகலில் குவாரிக்கு ஓட்டுகிறாள், மாலையில் என் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், நான் அளக்கிற கதைகளுக்குச் சரியான இடத்தில் சிரிக்கவும் செய்கிறாள்.

ஆனால் அந்த நாளிலிருந்து அவள் ஒரு சொட்டு அழவில்லை. பேச்சை அந்தப் பக்கம் திருப்பினால் எழுந்து போய்விடுகிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை.

லீவு போட்டிருந்தால் ரத்து செய்யாதே, வா. உன் அத்தானைத் தேடிப் போகாதே. அங்கே நீ செய்ய ஒன்றும் பாக்கியில்லை. வெறுங்கையோடு வந்து உன் அக்காள் பக்கத்தில் உட்கார். நான் பெரியவன், என் முன்னால் அவள் அழமாட்டாள். நீ அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. உன்னைப் பார்த்தாலாவது அழுவாள்.

கடல் உன்னைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

வழி பார்த்திருக்கும்
உன் தாய்மாமன்