நேர்ந்துவிட்ட கடாவுக்குப் பூச்சி மருந்து

தாராவி,
ஞாயிற்றுக்கிழமை.

மஸ்கட்டில் இருக்கும் அன்பு அத்தானுக்கு, தங்கமயில் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மகள் கோகிலவாணியும் நலம். கடாவும் நலம். அதன் வயிற்றில் இருந்த பூச்சிகள் மட்டும் நலமில்லை, எல்லாம் செத்துப்போயின.

கடாவை ஏன் வெட்டவில்லை என்று போனில் கத்திவிட்டு வைத்துவிட்டீர்கள். பதில் சொல்ல எனக்கும் வாய் இருக்கிறது. ஆனால் நம் வீட்டுச் சுவரின் லட்சணம் உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கம் நான் பேசினால் அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு சஃப்ரீன் 'உம்' கொட்டுகிறாள். போன மாதம் உங்களிடம் சொல்ல வந்த ஒன்றை நான் மறந்து முழிக்க, அவள் அங்கிருந்தே எடுத்துக் கொடுத்தாள். வாட்ஸ்அப்போ உங்கள் மகள் கையில். அதனால்தான் லீவு முடிந்து திரும்பும் உங்கள் ரூம்காரர் மாரிசெல்வத்திடம் இந்தக் காகிதத்தைக் கொடுத்துவிடுகிறேன்.

விசா வந்தால் சுடலைமாடனுக்குக் கடா வெட்டுகிறேன் என்று நேர்ந்தது நீங்கள். விசா வந்தது, குட்டியை வாங்கி என் கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறினீர்கள். அடுத்த கோயில் கொடைக்கு நானே வந்து கயிறு பிடிப்பேன் என்றீர்கள். அதற்கடுத்த கொடைக்கும் அதையே சொன்னீர்கள். இதற்குள் குட்டிக்குக் கொம்பு முளைத்து, உங்கள் மகள் அதற்கு 'மஸ்கட்' என்று பெயரும் வைத்துவிட்டாள். சந்து முழுக்க அந்தப் பெயர்தான். "மஸ்கட் என் துணியைத் தின்னுட்டு" என்று யாராவது சண்டைக்கு வந்தால், ஒரு ஊரே வந்து தின்றதுபோல் இருக்கிறது.

இந்த வருடம் நீங்கள், "நான் வரலை, தம்பி இசக்கிராஜ்ட்ட கொடுத்து வெட்டச் சொல்லு" என்றீர்கள். அன்றைக்குத்தான் கடாவை நன்றாக உற்றுப் பார்த்தேன். விலா எலும்பு தெரிந்தது. வயிறு மட்டும் பானை. சாமிக்கு நோஞ்சான் கடாவைக் கொடுத்தால் நாளைக்கு நம்மைத்தானே கேட்பார்? தொண்ணூறு அடி ரோட்டில் ஆடு, நாய்களுக்கு மருந்து கொடுக்கும் முகாம் போட்டிருந்தார்கள். இழுத்துக்கொண்டு போனேன். உண்மையில் அதுதான் என்னை இழுத்துக்கொண்டு போனது.

பரீஹா என்று ஒரு டாக்டர் பெண். வயிறு நிறையப் பூச்சி என்று சொல்லி, வாயோரமாக மருந்தை ஊற்றினாள். மருந்து உள்ளே போனதும் கடா தலைமுதல் வால்வரை சிலிர்த்தது பாருங்கள்! கொடையில் மஞ்சள் தண்ணீர் தெளித்ததும் சிலிர்க்குமே, சாமி ஏற்றுக்கொண்டார் என்று குலவை போடுவோமே, அதே சிலிர்ப்பு. எனக்குக் குலவை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அப்புறம்தான் அந்தப் பெண், "ஆன்ட்டி, மூணு ஹஃப்தாவுக்கு இதோட கறியை யாரும் சாப்பிடக் கூடாது" என்றாள். மூன்று வாரம்! கொடையோ மறு வெள்ளிக்கிழமை. ஊற்றிய பிறகு இதைக் கேட்டேனா, கேட்ட பிறகு ஊற்றச் சொன்னேனா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

அந்த வாரமே பள்ளிக்கூடத்தில் கோகிலாவுக்கும் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். ஆட்டுப் பூச்சி நமக்கு வருமா என்று டாக்டரிடம் கேட்டிருந்தேன். அது வேறு ஜாதி, உங்களுடையது வேறு ஜாதி, கையைக் கழுவுங்கள், நீங்களும் ஒரு மாத்திரை போடுங்கள் என்றாள். முனிசிபல் கிளினிக்கில் வாங்கிப் போட்டேன். பூச்சி இருந்தால் ஆள் இளைக்கும் என்கிறார்கள். என் வயிற்றில் இருந்திருந்தால் பாவம், பட்டினிதான் கிடந்திருக்கும். எல்லாவற்றையும் நான் அல்லவா தின்கிறேன்.

உங்கள் தம்பி இசக்கிராஜ் கொடைக் கமிட்டிச் செயலாளர் அல்லவா, குதித்துக்கொண்டு வந்தார். "ஏ மைனி, நேந்துவிட்ட கடாவுக்கு யாராச்சும் பூச்சி மருந்து ஊத்துவாவளா? சாமிக்கு மருந்து வாடையா தெரியப் போவுது?" என்றார். "சாமி பார்த்துக்கிடுவாரு. கறியைத் திங்கப்போறது நீரில்லா?" என்றேன். தேவனார் ஆட்டுச் சந்தையில் வேறு கடா பிடிப்போம் என்றார். நேர்ந்தது இந்தக் கடாவை, மாற்றிக் கொடுக்கக் கடைச் சரக்கா என்று கேட்டேன். கடைசியில் இந்த வருடம் சர்க்கரைப் பொங்கலோடு கொடை முடிந்தது. கறிக்குழம்பு இல்லாத கோபத்தில் கமிட்டி ஆட்கள் எவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கோபத்தில் மூன்று தட்டுப் பொங்கல் சாப்பிட்ட இசக்கிராஜுக்கு மறுநாள் வயிற்றைப் புரட்டியதாம். கிளினிக்குக்குப் போனால், பல நாளாகவே வயிறு சரியில்லை என்று அவர் சொல்ல, சோதித்துப் பார்த்து அவருக்கும் பூச்சி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். "கவலைப்படாதீரும் கொழுந்தனாரே, மூணு வாரத்துக்கு உம்மையும் யாரும் வெட்ட முடியாது" என்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் சஃப்ரீன் சிரித்த சிரிப்பில் இந்தப் பக்கம் ஆணியில் தொங்கிய உங்கள் போட்டோ கோணிவிட்டது. இன்னும் நிமிர்த்தவில்லை.

இப்போது அவர், மூன்று வாரம் முடிந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை பார்த்து வெட்டிவிடலாம், அண்ணன் சரி என்றால் போதும் என்கிறார். உங்களுக்குப் போன் செய்வார். சரி என்று சொல்லிவிடாதீர்கள் அத்தான். இப்போது அதன் மேலில் பளபளப்பு ஏறியிருக்கிறது. மழைக்கு உள்ளே கட்டினால் நீங்கள் படுக்கும் இடத்தில்தான் போய்ப் படுக்கிறது. ஸ்பீக்கரில் உங்கள் குரல் கேட்டால் காதைத் தூக்குகிறது. இந்த வீட்டில் அதற்கு மட்டுமா காது இருக்கிறது?

நேர்ந்தது நீங்கள்; கயிறு பிடிக்க வேண்டியதும் நீங்கள். வந்து அதன் முகத்தைப் பார்த்துவிட்டு வெட்டுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. மருந்தைத் திரும்பவும் கொடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாள். அடுத்த கொடைக்கு டிக்கெட் எடுத்ததும் தேதியைச் சொல்லுங்கள். நீங்கள் வருவதாக இருந்தால், மருந்தை முன்கூட்டியே ஊற்றிவிடுகிறேன். வரவில்லை என்றால் எப்போது ஊற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

ஹோட்டல் சாப்பாடு சாப்பிடுகிறீர்கள். உங்களுக்கும் ஒரு மாத்திரை மாரிசெல்வத்திடம் கொடுத்திருக்கிறேன், அங்கே டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். சுடலைமாடன் உங்களை நோய்நொடி இல்லாமல் வைத்து, சீக்கிரம் இந்தச் சந்துக்குள் கொண்டுவந்து விடட்டும். அதுவரை அவர் கடாவை நான் பத்திரமாக வைத்திருப்பேன்.

உங்கள்
தங்கமயில்