ஏழாம் வார்டு, வாய்க்கால் வரை

ஐப்பசி 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். திராட்சை கறுத்து வரும் நேரத்தில் இந்த மழை. குலையைத் தொட்டால் பழம் வெடித்து விரலில் ஒட்டுகிறது. வியாபாரி போனை எடுக்கவில்லை. எடுத்திருந்தால்தான் ஆச்சரியம்.

வாங்க: தீப்பெட்டி, ரவிக்கை ஊக்கு, கொசுவத்தி, இவருக்கு இருமல் மருந்து.

பேரூராட்சியிலிருந்து கூட்ட அறிவிப்பு. திங்கள் காலை. முதல் ஐந்து பொருளும் வழக்கமானவை. தெருவிளக்கு, சாக்கடை, கொசு மருந்து, இத்யாதி. ஆறாவது: வார்டு மறுவரையறை வரைவு, மன்றத்தின் கருத்து. கூடவே கோடு போட்ட படம் ஒன்று. கண்ணாடியைத் தேடி எடுத்துப் பார்த்தேன்.

என் வார்டு ஏழு. நாங்கள் இருக்கும் நடுத்தெருவும், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காலனியும். புதுப் படத்தில் ஏழு வாய்க்காலோடு நின்றுவிடுகிறது. காலனி முழுக்க எட்டாம் வார்டுக்கு, பெரிய தெருவோடு. பதிலுக்கு எனக்கு பைபாஸ் பிளாட் வீடுகள்.

பேச்சி ஞாபகம்.

போன தேர்தலில் ஏழில் மனுப் போட்டவர்கள் இரண்டே பேர். நானும் காலனி பேச்சியம்மாளும். இரண்டு பக்கமும் ஓட்டு ஏறக்குறைய சமம். அடிதடி ஆகிவிடும் என்று பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு தெருவும் கூடிப் பேசினார்கள். இந்த முறை நடுத்தெரு, அடுத்த முறை காலனி. எங்கள் தெரு சார்பில் என் வீட்டுக்காரர்தான் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தார். பேச்சி மனுவைத் திரும்ப வாங்கினாள். நான் போட்டியில்லாமல் மெம்பர் ஆனேன்.

அடுத்த தேர்தல் வரப்போகிறது. பேச்சியின் முறை. காலனி எட்டுக்குப் போய்விட்டால் முறையும் இல்லை, மண்ணும் இல்லை. பெரிய தெரு ஓட்டுக்கு முன்னால் காலனி ஓட்டு எடுபடாது.

போன் செய்தேன். மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்தில் இருப்பாள், டவர் கிடைக்காது.

ஐப்பசி 5, புதன்

மழை. துணி எதுவும் காயவில்லை. வீடெல்லாம் ஈர வாடை.

இவரிடம் படத்தைக் காட்டினேன். தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கெவருமெண்டு போடுற கோடு. நாம என்ன செய்ய முடியும்?"

"சூடம் அணைச்சீகளே."

"ஏழாம் வார்டுக்குத்தான அணைச்சோம். அவுக ஏழுல இல்லேன்னா அந்தச் சத்தியம் எங்கிட்டு இருக்கு?"

ரசம் கேட்டார். ஊற்றினேன்.

சாயங்காலம் காலனிக்குப் போனேன். தோட்டத்து ஜீப் வந்து பொம்பளைகளை இறக்கிவிட்ட நேரம். பேச்சி தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு நின்றாள். காலில் அட்டை கடித்த ரத்தம். படத்தைக் காட்டி விளக்கினேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் தண்ணீரைப் பற்றிப் பேசினாள்.

"கவுன்சிலர் நாற்காலிய வச்சு நான் என்னக்கா செய்யப் போறேன். எங்களுக்கு வார்டுன்னா வால்வு. முந்தி எட்டோட கெடந்தப்ப பெரிய தெரு அண்டா குண்டாவெல்லாம் ரொம்புன பொறகுதான் எங்களுக்குத் தொறப்பாக. வாய்க்காத் தண்ணியத்தான் குடிச்சோம். ஏழுக்கு வந்த பொறகு நீங்க முத்தையாவுக்குப் போனப் போடுறீக, அவன் வந்து தொறக்குறான். எட்டுக்குப் போயிட்டா எங்க போன எவன் எடுப்பான்?"

முத்தையா: வால்வு திறக்கிறவன். தினக்கூலி. அவனை அவள் குறை சொல்லவில்லை.

என்ன செய்யட்டும் என்று கேட்டேன். "கூட்டத்துல சொல்லுங்கக்கா. வேணாம்னு ஒரு வார்த்தை. அப்புறம் தேனிக்குப் போயி கலெக்டர் ஆபீஸ்ல மனுக் குடுப்பம். நானும் வாரேன்."

வரைவுக்கு ஆட்சேபணை மனுக் கொடுக்கக் கடைசி நாள் பதினேழு. திங்கள். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம் சேறு. ஒரு செருப்பு அறுந்தது.

ஐப்பசி 7, வெள்ளி

மழை சற்று வெறித்தது. தோட்டத்துக்கு மருந்தடிக்க ஆள் சொல்லியாகிவிட்டது.

சேர்மன் வீட்டுக்காரர் வந்தார். சேர்மன் அந்தம்மாதான். ஆனால் ஊரில் எல்லோரும் அவரைத்தான் சேர்மன் என்கிறார்கள், அந்தம்மா உட்பட. இனி சே.வீ. என்று எழுதுகிறேன், கை வலிக்கிறது.

ஸ்டீல் டம்ளரில் காப்பி. (பேச்சி வந்தால் பேப்பர் கப். அலமாரியில் ஒரு கட்டு எப்போதும் இருக்கும். நான்தான் வாங்குகிறேன்.)

சே.வீ.: "ஏத்தா, ஆறாவது பொருள் வரும்போது கையத் தூக்கிட்டுப் போயிரு. ஒனக்கு லாபந்தான். பிளாட்டுக்காரவுக பூராம் நம்ம பக்கம். வாழ்நாள் பூரா நீதான் மெம்பர்."

காலி டம்ளரை வாங்கிக்கொண்டேன். அவருக்கு அது போதவில்லை போல. வாசலில் செருப்பு மாட்டும்போது இவர் தோளில் தட்டிச் சொன்னார்: "நீ சொன்னபடி வாய்க்காலோட கோடு போடச் சொல்லியாச்சுப்பா. வீட்ல எடுத்துச் சொல்லு."

காப்பி டம்ளர் என் கையில். கழுவப் போகவும் தோன்றவில்லை, வைக்கவும் தோன்றவில்லை.

அவர் போனதும் கேட்டேன். இவர் மறைக்கவில்லை. "தெருவே கேட்டுச்சு. காலனிக்காரவுகளுக்குக் கீழ எப்புடி இருக்கிறதுன்னு ஆளாளுக்குப் பேசினாக. நான் போய்ச் சொன்னேன், அம்புட்டுத்தான். சத்தியத்தையும் மீறல, யாருக்கும் பாவமுமில்ல."

பாவம் வராமல் சத்தியத்தை மீற ஒரு வழி வேண்டியிருந்திருக்கிறது. கண்டுபிடித்திருக்கிறார்கள். என் வீட்டிலேயே. அந்த உள்ளங்கையில் சூடம் சுட்ட கொப்புளத்துக்கு நான்தான் தேங்காய் எண்ணெய் தடவினேன். இந்த மனிதரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஐப்பசி 10, திங்கள்

மூடாப்பு. கத்தரிப்பூச் சேலை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

கூட்டம். டீ, மெதுவடை. சேர்மனம்மா நடுவில், பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு சே.வீ. பெண் மெம்பர்களின் வீட்டுக்காரர்கள் வெளியே வேப்பமரத்தடியில் வரிசையாக நின்றார்கள். பள்ளிக்கூடம் விடக் காத்திருப்பவர்கள் மாதிரி. செயல் அலுவலர் பொருள்களை மடமடவென்று படித்தார். ஐந்து வரைக்கும் சரி, சரி, சரி.

ஆறு. எழுந்தேன். எழுதி வைத்திருந்த தாளை மடித்து வைத்தேன். பார்க்காமலே சொன்னேன். காலனி ஏழிலேயே இருக்க வேண்டும். அவர்களைக் கேட்காமல் மாற்றக்கூடாது. மன்றம் ஆட்சேபணை என்று எழுத வேண்டும்.

சே.வீ. சிரித்தார். "ஒரு கையி தூக்கலேன்னா கூரை விழுந்துராது. எழுதுங்க சார்."

செயல் அலுவலர் ஒளிவுமறைவில்லாமல் எழுதினார், படித்தும் காட்டினார். வரைவை மன்றம் ஏற்கிறது, ஏழாம் வார்டு உறுப்பினர் மட்டும் எதிர்ப்பு. அவ்வளவுதான் பேரூராட்சியின் பதில். வடை ஆறுவதற்குள் முடிந்தது.

படியிறங்கும்போது பதினொன்றாம் வார்டு மெம்பர் கையைப் பிடித்தாள். "நீங்க சொன்னதுதேங்க்கா சரி. எங்க வீட்டுக்காரரு அங்கன நிக்கிறாரு, அதான்." கையை விட்டுவிட்டு வேப்பமரத்துக்குப் போனாள்.

பயம் இல்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பேச்சிக்குப் போன் செய்து சொன்னேன். "போதும்க்கா, போதும்க்கா" என்றாள்.

ஐப்பசி 12, புதன்

கனமழை. தண்ணீர் முறை இன்று. வரவில்லை. மோட்டார் ரிப்பேராம்.

தோட்டத்தில் பாதிக் குலை போச்சு.

ஐப்பசி 13, வியாழன்

தண்ணீர் இல்லை. மோட்டார் ரிப்பேர் என்றால் ஊருக்கே இருக்காது. பெரிய தெருவில் குழாயடி வழிந்து சாக்கடையில் ஓடுகிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். முத்தையா போனை எடுக்கவில்லை.

கூரைத் தண்ணீரைப் பிடித்துப் பாத்திரம் கழுவியாயிற்று. வானம் கொட்டுகிறது, குடிக்க ஒரு சொட்டு இல்லை. கேன் தண்ணீர் வாங்கி வந்தார் இவர். எனக்கு ஒரு டம்ளர் ஊற்றி வைத்தார். குடிக்கவில்லை. பிறகு குடித்தேன்.

ஐப்பசி 15, சனி

சந்தையில் முத்தையாவை மடக்கிவிட்டேன். கண்ணைப் பார்க்கவில்லை. "யக்கா, எனக்குச் சொன்னதச் செய்றேன். வேலைய விட்டு நிப்பாட்டிருவாக. ஒங்க ரெண்டு பக்கமும் தொறக்க வேணாம்னு சொல்லிருக்காக." அவனை என்ன சொல்ல. வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டு நின்றான் பாவம்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் எங்கள் தெருப் பொம்பளைகள். வெறும் குடங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். எதிர்வீட்டு அத்தாச்சிதான் ஆரம்பித்தாள்.

"அவுகளுக்குப் பேசப் போயி எங்க வீட்டு அடுப்பு எரியல. ஒனக்கு என்னத்தா வந்துச்சு? ஒந்தெருவப் பாரு."

"அவுகளும் எனக்கு ஓட்டுப் போட்டவுக" என்றேன்.

"யாரு போட்டா? போட்டியே இல்லாமத்தான வந்த."

உண்மை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். குடங்கள் இருட்டும் வரை வாசலிலேயே இருந்தன. காலனியிலிருந்து ஒருவரும் வந்து கேட்கவில்லை. அவர்களுக்கும் தண்ணீர் இல்லை.

மனு எழுதி முடித்தாயிற்று. திங்கள் காலை முதல் பஸ். காலனிக் கையெழுத்துகளை பேச்சி வாங்கி வருவாள்.

ஐப்பசி 16, ஞாயிறு

மழை விட்டது. வெயில் தெரிகிறது. ஓடைப்பட்டியிலிருந்து தங்கச்சி போன், அங்கேயும் பழம் வெடிப்பாம்.

பொழுது சாய பேச்சி வந்தாள். கையில் ஒன்றுமில்லை. உள்ளே வா என்றேன். வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். இன்று ஸ்டீல் டம்ளரில் கொடுத்தேன். அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை, பக்கத்தில் வைத்துவிட்டாள்.

"மனு வேணாம்க்கா."

அவள் தங்கச்சி பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. கம்பம் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏறுகிறது. வாய்க்கால் தண்ணீர். இன்னும் இரண்டு வீட்டில் பிள்ளைகளுக்கு அதே.

"நானே சேர்மன் வீட்டுக்குப் போய்ட்டு வந்துட்டேன். எட்டுக்கே போயிருறோம், காலனி சம்மதம், மனுவெல்லாம் குடுக்க மாட்டம்னு சொல்லிட்டேன். கேட்டுக்கு வெளிய நிக்க வச்சுத்தான் பேசினாக. பரவாயில்ல. நாளைக்குத் தண்ணி வந்துரும்னாக."

"ஏன்டி, என்ட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா விட மாட்டீகளே."

அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. "நீங்க எந்திரிச்சுச் சொன்னீகள்ல. அது போதும்க்கா. எங்களுக்குன்னு யாரும் எந்திரிச்சதில்ல" என்றாள். அது என்னைக் குளிர்விக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இவர் உள்ளேயிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வரவில்லை. காப்பி அப்படியே ஆடை படிந்து கிடந்தது. கீழே ஊற்றினேன்.

ஐப்பசி 17, திங்கள்

வெயில். மனுக் கொடுக்கக் கடைசி நாள்.

எழுந்து குளிக்காமலே சேலை மாற்றினேன். மனுவைப் பையில் வைத்தேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் போனேன். தேனி பஸ் வந்தது, காமயகவுண்டன்பட்டி டவுன் பஸ்ஸும் வந்தது. காலனியே சம்மதம் சொன்ன பிறகு என் ஒரு கையெழுத்து என்ன செய்யும்? கண்டக்டர், "யக்கா, ஏறலயா?" என்றான். இல்லை என்று தலையாட்டினேன்.

திரும்பி வரும்போதே தெரிந்தது. தெருவெல்லாம் குடச் சத்தம். தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வேகமாக எப்போதும் வந்ததில்லை. அத்தாச்சி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நல்லாருப்பத்தா." வாசல் தெளிக்கிறார்கள், ஆளாளுக்கு வாளி வாளியாக. ஒருவன் பைக் கழுவுகிறான்.

நானும் பிடித்தேன். குடங்கள், அண்டா, வாளி, குக்கர்கூட. பிடிக்கப் பிடிக்கக் கை நிற்கவில்லை. இவர் வந்து அண்டாவுக்கு ஒரு கை கொடுத்தார்.

மாடிப்படியில் ஏறிப் பார்த்தேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் குடங்கள் இன்னும் குழாயடியில் வரிசையாக இருந்தன. பேச்சியின் பச்சைக் குடம் தெரிந்தது. அவள் இன்று ஜீப்பில் போகவில்லை போல.

முத்தையாவுக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"சொல்லுங்கக்கா, தண்ணி நல்லா வருதா?"

காலனிக்கு எப்போது திறப்பாய் என்று கேட்டேன்.

"அத இனிமே எட்டுக்காரவுகதான்க்கா சொல்லணும்."