குழாய்க்குள் எதுவும் போகக்கூடாது

அன்புள்ள குட்டிக்கு,

நானும் உன் அப்பாவும் சுகம், எங்களைவிட உன் பிக்கப் வண்டி சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று நீயாக எழுதினால்தான் தெரியும், போனில் கேட்டால் எல்லாவற்றுக்கும் "ம்" என்கிறாய், அதை வைத்துக்கொண்டு ஒரு தாய் என்ன முடிவுக்கு வர முடியும்.

நீ மலைப்பாதையில் சர்வே வேலை பார்த்தபோது வாங்கிய வண்டி, வெளிநாட்டுக்குப் போகும்போது எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனாய், இப்போது சும்மா நிற்பதற்கு விற்றுவிடுங்கள் என்கிறாய். நல்லது. சேற்றிலும் பாறையிலும் ஏறுவதற்கென்றே பிறந்த வண்டியை உன் அப்பா பட்டுப்புடவை மாதிரி வைத்திருக்கிறார். மேலே தார்ப்பாய், அதற்குள் பழைய போர்வை, சீட் உறைக்கு ஓர் உறை. எலி ஒயரைக் கடித்துவிடும் என்று காலையில் எழுந்ததும் பானெட்டைத் திறந்து பார்க்கிறார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கதவோரம் நின்று எப்படி இருக்கு என்று கேட்டதோடு சரி. அடியில் துரு பிடிக்கிறதா என்று பாயை விரித்து வண்டிக்குக் கீழே படுத்தவர் அங்கேயே தூங்கிவிட்டார், எதிர்வீட்டு டீச்சர் பதறிப்போய் ஓடி வந்தார்.

போன மாதம் நாற்றுப்பண்ணைக்காரர் வண்டி பார்க்க வந்தார். உன் அப்பா அவரிடம் வண்டியின் நல்ல குணம் ஒன்றையும் சொல்லவில்லை. டீசல் குடிக்கும், திருப்ப இடம் பத்தாது, பின்சீட்டில் முதுகு போய்விடும் என்று பெண்ணைக் கொடுக்க மனமில்லாத தகப்பன் மாதிரி அடுக்கினார். சரி, ஸ்டார்ட் பண்ணுங்க சார் என்றார் அவர். வண்டி இருமியது, குலுங்கியது, நின்றது. மறுபடியும் அதே. உன் அப்பாவின் முகத்தில் வருத்தம் இருந்தது, ஆனால் அது உள்ளிருந்து வந்த வருத்தமாக எனக்குத் தெரியவில்லை. நான் சுற்றி வந்து பார்த்தேன். கண்ணாடியோரம் யானைத் துதிக்கை மாதிரி ஒரு குழாய் நிமிர்ந்து நிற்கிறதே, என்ஜினுக்குக் காற்று போகிற குழாய், அதன் வாயில் ரப்பர் உறை போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. சாவியைத் திருப்பும்போதெல்லாம் அந்த உறை பொக்கைவாய்க் கன்னம் மாதிரி உள்ளே ஒட்டிக்கொண்டது. என்னங்க இது என்றேன். குட்டிதானே சொன்னா, அந்தக் குழாய்க்குள்ள எதுவும் போகக்கூடாதுன்னு, என்றார். காற்றுமா என்றேன். எதுவும்னா எதுவும்தான், என்றார். அச்சகத்தில் காலமெல்லாம் பிழை திருத்திய மனிதரிடம் நீ வார்த்தையை அளந்து பேசியிருக்க வேண்டும். உறையை அவிழ்த்ததும் வண்டி உறுமிக்கொண்டு கிளம்பிவிட்டது. நாற்றுப்பண்ணைக்காரருக்கு ஒரே சந்தோஷம், வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று போனார்.

அந்த அவமானத்தில் உன் அப்பா வண்டியோடு வந்த புத்தகத்தைச் சிவப்புப் பேனாவோடு படிக்க உட்கார்ந்தார். எழுத்துப்பிழை நிறைய இருக்கிறதாம். கூடவே ஒரு விஷயத்தையும் கண்டுபிடித்தார், நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற கியரை அவ்வப்போது போட்டு ஓட்டாவிட்டால் அது இறுகிப் போகுமாம், அதையும் தார் ரோட்டில் போடக்கூடாதாம், மண்ணோ சேறோ வேண்டுமாம். விற்கிற வரைக்கும் நல்லபடியா இருக்கணுமில்ல என்றார். அதனால் இப்போதெல்லாம் சனிக்கிழமை சனிக்கிழமை பழைய கல்குவாரிப் பக்கம் சேறு தேடிப் போகிறோம். வழி சொல்ல ஆள் வேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொள்கிறார். ஒரே ரோடு, அதில் நான் என்ன வழி சொல்வது. போன வாரம் பள்ளத்தில் சக்கரம் சுற்றிக்கொண்டே நின்றது, அவர் இறங்கிக் கல் அண்டக் கொடுக்க, நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து வெளியே எடுத்தேன். சேறு முழுக்க அவர் சட்டையில். வீடு வரும்வரை இரண்டு பேரும் சிரித்தோம். நாங்கள் சேர்ந்து டாக்டரிடம் தவிர வேறெங்கும் போய் எவ்வளவு காலம் ஆயிற்று என்று உனக்கே தெரியும்.

நேற்று நாற்றுப்பண்ணைக்காரர் போன் செய்தார், சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறாராம். சனிக்கிழமை வண்டிக்கு வேலை இருக்கு என்றேன். ஞாயிறு வரட்டுமா என்றார். அன்று கழுவுவோம் என்றேன். திங்கள்? காய வேண்டாமா என்றேன். அம்மா, விக்கிறீங்களா இல்லையா என்று கேட்டுவிட்டார் மனிதர். வண்டி என் மகளுடையது, அவளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இதெல்லாம் உன் அப்பாவுக்குத் தெரியாது, அவர் வெளியே சக்கரத்துக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அதனால் கேட்கிறேன். விற்கத்தான் வேண்டும் என்றால் உன் அப்பாவிடம் நீயே சொல்லிவிடு, நான் சொல்ல மாட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு படுக்காதே, நீ எடுத்த காரியமெல்லாம் நன்றாக நடக்கட்டும். மறக்காமல் வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல், இந்த வாரம் அந்தப் பெரிய பள்ளத்தை நான் ஓட்டிக் கடப்பதாகப் பேச்சு.

நகத்துச் சேறு இன்னும் போகாத,
உன் அம்மா